ஏர் கூலர் ப்ராசஸரை எப்படிக் குளிர்விக்கிறது?

சித்தையன்கோட்டையில் கோடை மதியம். அறைக்குள்ளேயே 35 டிகிரி என்றால், எந்த ஏர் கூலராலும் ப்ராசஸரை அதற்குக் கீழே இறக்க முடியாது. ஏன்? கூலர் குளிரை உண்டாக்குவதில்லை. சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான்.

எப்படி? செம்புக் குழாய்க்குள் காற்றை நீக்கிச் சிறிது நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு, 100 டிகிரிக்கு வெகுமுன்பே நீர் ஆவியாகும். அந்த ஆவி அலுமினியத் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, மீண்டும் நீராகித் திரும்பும். தகட்டுச் சூட்டை மின்விசிறி வெளியே தள்ளும்.

எதை வாங்குவது? வாட்டுக்கு 0.4 டிகிரி ஏறவிடும் கூலரில், 65 வாட் ப்ராசஸர் சுமார் 61 டிகிரியில் நிற்கும். 150 வாட் ப்ராசஸரோ 95-ஐத் தொடும். அதற்குத் தகடுகள் அதிகமுள்ள பெரிய கூலர்தான் சரி. வாங்குமுன் கேபினட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். தகடுகளுக்கிடையே புழுதி அடைய விடாதீர்கள்.