குழிக்கு ஏற்ற சிகிச்சை

முகப்பரு போன பிறகும் போகாத தழும்புகளுக்கு இன்று வழிகள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்யவேண்டியது விளம்பரம் அல்ல, தழும்பின் வகை.

மூணாறுக்குக் கீழே, ஆனச்சால் பக்கத்தில் இருக்கிறது சித்திரபுரம். 1940ல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் பக்கத்து ஊர்தான். சுற்றிலும் தேயிலையும் ஏலமும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைத்து வாழும் மலை இது. இங்கே ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கத் தொடங்கினால், முகத்தில் பரு விட்டுச்சென்ற குழிகளைப் பற்றிய பேச்சும் கூடவே தொடங்கிவிடும். “ஏதாவது பண்ணக் கூடாதா?” என்று கேட்காத அத்தைமார்கள் கிடையாது.

பண்ணலாம்தான். ஆனால் தோல் நிபுணரைப் பார்க்க மலையிறங்கவேண்டும். ஒரு பக்கம் போடிமெட்டு வழியாகத் தேனி, மறுபக்கம் அடிமாலி வழியாகக் கொச்சி. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும், பஸ் செலவு தனி. சிகிச்சையோ ஒரே தடவையில் முடிவதல்ல. பொருந்தாத சிகிச்சையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சேமிப்பு கரையும், குழி அப்படியே இருக்கும். மாநிறத் தோலாக இருந்தால் குழியோடு புதிதாகக் கருமையும் சேர்ந்துகொள்ளலாம். இந்தச் சிக்கல் சித்திரபுரத்துக்கு மட்டுமானதல்ல. சென்னையிலும் மும்பையிலும் டாக்டர் பக்கத்துத் தெருவில் இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கறையா, குழியா?

முதலில் தீர்க்கவேண்டிய சந்தேகம், முகத்தில் இருப்பது தழும்புதானா என்பது. பரு ஆறியபின் தங்கும் பழுப்பு அல்லது கருப்புப் புள்ளியைப் பலரும் தழும்பு என்கிறார்கள். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாமல் சமமாக இருந்தால் அது வெறும் நிறமாற்றம். சில மாதங்களில் தானாகவே மங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வெயில் தடுப்புக் களிம்பும், டாக்டர் எழுதித்தரும் அசெலாயிக் அமிலம், அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளும் அதை விரைவுபடுத்தும். லேசருக்கு இங்கே அவசரமில்லை.

குழிகளின் தீவிரத்தை அளக்க ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெக் குட்மேன், ஜெனிஃபர் பேரன் ஆகிய இருவரும் 2006ல் வெளியிட்ட நான்கு படிகள் டாக்டர்களிடையே பிரபலம். நிறமாற்றம் மட்டும் இருந்தால் முதல் படி. அரை மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணில் படாத லேசான குழிகள் இரண்டாம் படி. அந்தத் தூரத்திலும் தெரிகிறது, ஆனால் தோலை விரல்களால் இழுத்துப் பிடித்தால் மறைகிறது என்றால் மூன்றாம் படி. இழுத்தாலும் மறையாதது நான்காம் படி. ஒரு கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சமும் போதும், யாரும் வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று குழிகள், ஒரு மேடு

பரு ஆழமாக வீங்கிப் புண்ணாகும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் சிதைகின்றன. உடல் அதைச் சரியாக ஈடுகட்டாவிட்டால் குழி விழும், அளவுக்கு மீறி ஈடுகட்டினால் மேடு தட்டும். 2001ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை குழிகளை மூன்றாகப் பிரித்தது. இன்றும் அந்தப் பிரிவுதான் சிகிச்சைக்கு வழிகாட்டி.

ஊசிக்குழி: ஊசியால் குத்தியது போல வாய் குறுகி, உள்ளே ஆழமாக இறங்குவது. அகலம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று வகைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். முகம் முழுவதும் தேய்ப்பதும் மேலோட்டமான ‘பீலிங்’கும் இதன் அடியைத் தொடுவதில்லை. ‘கிராஸ்’ என்ற முறையில் டாக்டர் கூரான குச்சி நுனியால் அடர்த்தியான ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பார். அந்த இடம் வெளுத்து, பொருக்குத் தட்டி உதிரும். பிறகு உள்ளேயிருந்து புதிய கொலாஜன் வளர்ந்து குழி மேலேறும். தென்கொரிய டாக்டர்கள் 2002ல் வெளியிட்ட முறை இது. செலவு குறைவு, மாநிறத் தோலுக்கும் பழக்கப்பட்டது. ஆனால் சில வார இடைவெளியில் பல தடவை செய்யவேண்டும். மிக ஆழமான குழியை வட்டக் கத்தியால் வெட்டியெடுத்துத் தையல் போடுவதும் உண்டு.

பெட்டிக்குழி: அம்மைத் தழும்பு போல விளிம்பு செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருப்பது. அகலம் சுமார் 1.5 முதல் 4 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழம் என்றால் லேசரோ நுண் ஊசிச் சிகிச்சையோ பலன் தரும். அதைவிட ஆழமென்றால், குழியின் அடித்தோலை வட்டமாக வெட்டி, அதையே மேலே தூக்கி ஒட்டவைக்கும் சின்ன அறுவை சிகிச்சை பொருத்தம்.

அலைக்குழி: 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, கன்னம் அலையலையாகத் தெரிவது. அடியில் நார்கள் தோலைக் கீழ்நோக்கிக் கட்டி இழுப்பதுதான் காரணம். மேலே எத்தனை லேசர் அடித்தாலும் கட்டு அவிழாது. ‘சப்சிஷன்’ என்ற முறையில் ஊசியைத் தோலுக்கு அடியில் செலுத்தி நார்களை அறுத்துவிடுகிறார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஓரன்ட்ரைக் டாக்டர்கள் 1995ல் வெளியிட்ட உத்தி இது. ஒன்றிரண்டு வாரம் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருக்கும். நெற்றிப்பொட்டிலும் தாடையோரத்திலும் நரம்புகள் ஓடுவதால் பழகிய கைதான் இதைச் செய்யவேண்டும்.

மேட்டுத் தழும்பு: தாடையோரம், மார்பு, தோளில் அதிகம். தழும்பு புண்ணின் எல்லையைத் தாண்டிப் பரவினால் ‘கீலாய்டு’. இங்கே வெட்டுவது வினையாகலாம், வெட்டிய இடத்தில் இன்னும் பெரிதாக வளரக்கூடும். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசியாகப் போடுவதும், சிலிகோன் ஜெல் பூசுவதும் முதல் வழி. குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு இருந்தால், எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

ஒரே முகத்தில் பல வகைகள் கலந்திருப்பது சகஜம். அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர்கள் ஒரே மெஷினை நம்புவதில்லை. அலைக்குழியை ஊசியால் விடுவித்து, ஊசிக்குழிக்கு அமிலம் வைத்து, பிறகே முகம் முழுவதற்கும் லேசரோ நுண் ஊசியோ செய்கிறார்கள்.

லேசர் மயக்கம்

தோலைத் தேய்த்தெடுக்கும் கருவியை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குரோமேயர் 1905லேயே பயன்படுத்தினார். இன்று விளம்பரங்களில் முன்னால் நிற்பது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். 1964ல் அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். முகம் முழுவதையும் சுடாமல் நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் ‘ஃப்ராக்ஷனல்’ முறை 2004ல் வந்தது. காயம் விரைவில் ஆறுவதற்கு அதுவே காரணம்.

ஆனால் சூடு பட்டால் மாநிறத் தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது. லேசருக்குப்பின் முகம் கறுப்பதாக வரும் புகார் இதனால்தான். பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். இருந்தாலும் லேசரின் அடர்த்தியைக் குறைத்து, தடவைகளைக் கூட்டுவது பாதுகாப்பு. சூடில்லாத நுண் ஊசிச் சிகிச்சையில் இந்த ஆபத்து குறைவு, பலன் மெதுவாகத் தெரியும். பொதுவாக மாதத்துக்கு ஒன்றாக மூன்று முதல் ஆறு தடவை. கடையில் விற்கும் ஊசி உருளையை வீட்டிலேயே உருட்டுவதும், அமிலத்தை வரவழைத்துத் தானே வைத்துக்கொள்வதும் விபரீதம். தொற்றும் தீக்காயமும் புதிய தழும்புகளைத் தரும்.

மலைவாசிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிரும் மூடுபனியும் வெயிலே இல்லாதது போல ஏமாற்றும். நாள் முழுவதும் கொழுந்து கிள்ளுபவர் தலைத்துண்டும் தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் இல்லாமல் லேசர் செய்துகொண்டால், முகம் கறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். தோட்ட வேலைக்கு விடுப்பு கிடைக்கும் மாதங்களைப் பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

களிம்பு ஆபத்து

மலையிறங்க முடியாதவர்கள் முதலில் நாடுவது சிவப்பழகுக் களிம்பு. எந்தக் களிம்பும் குழியை நிரப்பாது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரங்கள் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு இரட்டிப்பாகும். தோல் டாக்டர்களின் தேசிய சங்கம் தொடர்ந்து எழுப்பிய குரலுக்குப்பின், 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

இன்னும் சிலவற்றில் பாதரசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021க்கும் 2023க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். போலி அழகுப் பொருட்களைப் பிடிக்க, கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகளில் இறங்கியது. தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைத் தொடாமலிருப்பதே நல்லது.

கேட்கவேண்டிய கேள்விகள்

பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தவேண்டும். குழியை மூடிக்கொண்டே போகும்போது புதிய குழி விழுந்தால் செலவு வீண். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்தே தழும்புச் சிகிச்சை என்பது பழைய விதி. பல சிகிச்சைகளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று இந்திய டாக்டர்களின் வழிகாட்டி 2017ல் தளர்த்தியது. ஆனால் ஒரு விதி தளரவில்லை. இந்த மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையை ஊனமாக்கும். சாப்பிடும்போதும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக்கூடாது. கல்யாணத்தை எதிர்நோக்கும் பெண்கள் இதை டாக்டரிடம் வாய்விட்டுப் பேசவேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை வேறு சில. என் முகத்தில் எந்த வகைக் குழி அதிகம்? அதற்கு ஏன் இந்தச் சிகிச்சை? செய்யப்போவது தோல் மருத்துவம் படித்த டாக்டரா, உதவியாளரா? ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதல்ல, மொத்தம் எத்தனை தடவை? முகம் கறுத்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாளே போட்டோ எடுப்பீர்களா? “நூறு சதவீதம் போய்விடும்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். எந்தச் சிகிச்சையும் பருவுக்கு முந்தைய முகத்தைத் திருப்பித் தருவதில்லை. குழி ஆழம் குறையும், விளிம்பு மழுங்கும், அரை மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணுக்குப் படாமல் போகலாம். பலருக்கு அதுவே போதும்.

செலவுக்குப் பயந்தவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவை முதலில் விசாரிக்கலாம். மலையின் ஒரு பக்கம் தேனி, மறுபக்கம் கோட்டயம். எந்தத் தழும்பு என்ற கேள்விக்காவது அங்கே பதில் கிடைக்கும்.

கடைசியாக, காலண்டர். தூண்டிவிடப்பட்ட கொலாஜன் வளர்ந்து முடிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். தடவைகளையும் சேர்த்தால் ஒரு வருடம் நெருங்கிவிடும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது லேசர் செய்யப்போவது போட்டோவில் சிவப்பும் கருமையும் தெரிவதற்கே வழி. அடுத்த தையில் கல்யாணம் என்றால், இந்தத் தையிலேயே மலையிறங்குவது நல்லது.