ஒரு லாரியை முந்த எத்தனை மீட்டர் சாலை வேண்டும்? மரக்காணம் உப்பளச் சாலையில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு

சனிக்கிழமை விடிந்ததும் சென்னையில் இருந்து கிளம்பும் பைக்குகள், ஒன்பது மணிவாக்கில் மரக்காணத்தைத் தாண்டும். சவுக்குத் தோப்புகள் முடிந்து, பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரியும் இடம். நேரான சாலை, மறைக்க மரமோ கட்டடமோ இல்லை, தூரத்தில் வெள்ளைக் குவியல்கள். முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய லாரி 45 கி.மீ. வேகத்தில் ஆடி அசைந்து போகிறது. எதிரே ஒரு பஸ் சின்னதாகத் தெரிகிறது. பின்சீட்டில் இருந்து குரல் வரும்: "மச்சான், பஸ் ரொம்ப தூரத்துல இருக்கு. அடிச்சு ஏறிடலாம்டா."

அந்த "ரொம்ப தூரம்" உண்மையில் எவ்வளவு?

430 மீட்டர்

நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், லாரி 45-ல். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு 15 கி.மீ., அதாவது நொடிக்கு நாலு மீட்டர் சொச்சம். லாரிக்குப் பின்னால் 20 மீட்டரில் வெளியே எடுத்து, லாரியின் 10 மீட்டர் நீளத்தைக் கடந்து, அதன் மூக்குக்கு முன்னால் 15 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும். மொத்தம் 45 மீட்டர். நொடிக்கு நாலு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 11 நொடி.

அந்த 11 நொடியில் உங்கள் பைக் சாலையில் 180 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எதிரே 80-ல் வரும் பஸ் 245 மீட்டர் ஓடியிருக்கும். இரண்டையும் கூட்டினால் சுமார் 430 மீட்டர். நாலு கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வைத்த தூரம். இது மயிரிழையில் தப்பிப்பதற்கான கணக்குதான், நிம்மதியாகக் கடப்பதற்கு இன்னும் வேண்டும்.

70-க்கு வேகம் எடுத்தால்? ஆறரை நொடியில் முடியும், தேவைப்படும் தூரமும் 270 மீட்டராகக் குறையும். ஆனால் 100 சிசி பைக்கில் இரண்டு பேர், முதுகில் ஆளுக்கொரு பை என்றால் 60-ல் இருந்து 70-க்குப் போகவே சில நொடிகள் ஆகும். த்ராட்டிலைத் திருகியதும் சீறிப் பாய்வது விளம்பரத்தில்தான்.

இன்னொரு சிக்கல். நேரெதிரே வரும் வாகனத்தின் வேகத்தை நம் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது. தூரத்தில் இருக்கும்வரை அது நகராமல் நிற்பது போலவே தோன்றும். கிட்டே வந்த பிறகுதான் திடீரென்று பெரிதாகும். உப்பளம் போன்ற வெட்டவெளியில் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ இல்லை என்பதால் இந்த ஏமாற்றம் அதிகம். மதிய வெயிலில் தார்ச்சாலை மேல் எழும் கானலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முந்தாமலேயே லாரிக்குப் பின்னால் போனால் என்ன நஷ்டம்? 5 கி.மீ. தூரத்துக்கு 60-க்குப் பதில் 45-ல் போனால், கூடுதலாக ஆகும் நேரம் 1 நிமிடம் 40 நொடி.

வால் பிடிக்காதீர்கள்

முந்த நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, லாரியின் பின்பலகையை ஒட்டிப் போவது. அங்கிருந்து பார்த்தால் தார்ப்பாயைத் தவிர ஒன்றும் தெரியாது. லாரி டிரைவருக்கும் உங்களைத் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவரைப் பொறுத்தவரை நீங்கள் அந்தச் சாலையிலேயே இல்லை.

இரண்டு நொடி இடைவெளி குறைந்தபட்சம். லாரி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள்; நீங்கள் அதே கல்லைத் தொடும்போது இரண்டு நொடி ஆகியிருக்க வேண்டும். 60-ல் அது 33 மீட்டர். முந்துவதற்காகக் காத்திருக்கும்போது மூன்று நொடி விடலாம். பின்தங்கி நிற்பது கோழைத்தனம் மாதிரித் தெரியும். உண்மையில் அதுதான் வசதியான இடம்: அங்கிருந்து சாலை தெரியும், ஒரு கியர் குறைத்து உங்கள் லேனிலேயே வேகம் எடுக்கவும் முடியும். நடுக்கோட்டைத் தாண்டும் நேரத்தில் எதிரே ஏதாவது தெரிந்தால், திரும்பிப் பின்னால் வர இடமும் இருக்கும். வால் பிடித்தவருக்கு இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

ஒரு கார் லாரியை முந்துகிறது, அதன் பின்னாலேயே பைக்கும் ஏறுகிறது. இது இன்னும் மோசம். காருக்கு இருந்த இடைவெளி காரோடு முடிந்துவிட்டது. கார் சட்டென்று உள்ளே நுழைந்ததும் உங்கள் முகத்துக்கு நேரே பஸ் நிற்கும். காருக்கான கணக்கு வேறு, உங்களுக்கான கணக்கு வேறு.

வலது இண்டிகேட்டர் எதைச் சொல்கிறது?

லாரியில் வலது இண்டிகேட்டர் மின்னுகிறது. "போ, முந்திக்கோ" என்கிறாரா? "எதிரே வண்டி வருது, ஏறாதே" என்கிறாரா? இல்லை, நிஜமாகவே வலதுபுறம் உப்பளத்துக்குள் போகும் மண்பாதையில் திரும்பப் போகிறாரா? நம் நெடுஞ்சாலைகளில் மூன்று அர்த்தமும் புழக்கத்தில் இருக்கிறது. வண்டிக்கு வண்டி மாறும். சட்டப்படி அதற்கு ஒரே பொருள்தான்: வலது பக்கம் வரப்போகிறேன். அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. டிரைவரே கையைக் காட்டிக் கூப்பிட்டாலும், அவருடைய கண்ணை நம்பி உங்கள் பைக்கை ஓட்டாதீர்கள்.

கடற்காற்று செய்யும் வேலை

ஈசிஆரில் சென்னையில் இருந்து தெற்கே போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம். பிற்பகலில் காற்று அங்கிருந்துதான் வரும். சவுக்குத் தோப்பு இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. தோப்பு முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் பைக்கை ஒரு தள்ளு தள்ளும்.

இப்போது லாரியை முந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கத்தில் ஏறும்போது லாரியே சுவர் மாதிரிக் காற்றை மறைத்துவிடும். அதன் முன்பக்கத்தைத் தாண்டிய நொடியில் மொத்தக் காற்றும் இடப்பக்கத்தில் இருந்து மோதும். பைக் எந்தப் பக்கம் தள்ளப்படும்? வலப்பக்கம், எதிர்வரும் பஸ் இருக்கும் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சென்னை திரும்பும்போது இதுவே தலைகீழ். காற்று வலமிருந்து வந்து, பைக்கை லாரியின் சக்கரத்தை நோக்கித் தள்ளும். எனவே போகும்போதும் வரும்போதும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது பக்க இடைவெளி வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டால் தள்ளாட்டம் குறையும். காற்று அடித்ததும் பதறி பிரேக் போடுவதுதான் ஆபத்து.

சாலை ஓரத்தில் மணல் இருக்கும், லாரியில் இருந்து சிந்திய உப்பும் இருக்கலாம். இரண்டும் டயருக்கு அடியில் உருளும். இடப்பக்கமாகப் புகுந்து லாரியை முந்தும் சாமர்த்தியசாலிகள் கால் வைக்க வேண்டிய இடமும் அந்த ஓரம்தான்.

இது யாருடைய சாலை?

வார இறுதியில் வருபவர்களுக்கு இது 'ரைடு'. உப்பளத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகும் வழி. விடியும் முன்பே சைக்கிளில் வருவார்கள், பின்விளக்கு இருக்காது. மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் குப்பத்துச் சாலையில் இருந்து நேராக ஏறி வரும். நீங்கள் லாரியை முந்த வலப்பக்கம் ஏறும் அதே நேரத்தில், வலப்புறக் கிளைச்சாலையில் இருந்து ஒருவர் வலது பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஈசிஆரில் திரும்பலாம். அவர் போகப்போகும் லேனில் எதிர்த்திசையில் ஒரு பைக் வரும் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? ஊர்ப் பலகையோ கிளைச்சாலையோ பஸ் நிறுத்தமோ கண்ணில் பட்டால், முந்தும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது இதனால்தான்.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, விதிக்கு மாறாக முந்துவதையும் 'ஆபத்தான ஓட்டுதல்' பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை சிக்கினால் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 129-வது பிரிவின்படி பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர்களை 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. '108'-க்கு அழைத்தால் போலீஸ் கேஸில் நம்மை இழுப்பார்களோ என்ற பயம் வேண்டாம்.

மாமல்லபுரம்–புதுச்சேரி சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. இதில் மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கி.மீ. தூரத்தை ரூ.2,157 கோடியில் நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நடுவே மீடியன் வந்துவிட்டால் எதிரே வரும் பஸ்ஸைப் பற்றிய 430 மீட்டர் கணக்கு தேவைப்படாது. அடுத்த யூ-டர்ன் தூரம் என்று, அதே மீடியனை ஒட்டி ராங் சைடில் வரும் வண்டிகளைப் பார்த்து ஓட்டப் பழக வேண்டியிருக்கும்.