மாற்றத்தைச் சமாளித்தீர்களா? தூத்துக்குடிக் கரை சொல்லும் பதில்

“வேலையில் எதிர்பாராத மாற்றம் ஒன்று வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள்?” ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி இன்றைய நேர்காணல்களில் வந்துவிடுகிறது. ஷிப்பிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் வேலைக்குப் போனாலும் சரி, கன்டெய்னர் முனையத்தில் கிரேன் இயக்கப் போனாலும் சரி, சிலாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலைக்குப் போனாலும் சரி, இதற்கு ஒரு பதில் கைவசம் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதில் இதுதான்: “எனக்கு மாற்றம் பிடிக்கும். எந்தச் சூழலுக்கும் என்னைப் பொருத்திக்கொள்வேன். சீக்கிரம் கற்றுக்கொள்வேன்.” இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்கிறவரைப் பற்றிய செய்தி ஒன்றுகூட இதில் கிடையாது. மாற்றத்தைச் சமாளிப்பதை ஒரு நல்ல குணம்போல் எண்ணிப் பேசுவதால் வரும் கோளாறு இது. பழைய வேலையிலிருந்து எது கூட வந்தது, எதை விட வேண்டியிருந்தது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது, அதற்கு எவ்வளவு காலமும் யாருடைய துணையும் தேவைப்பட்டன என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையில் பதில் சொன்னவர். அப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்க, தூத்துக்குடிக் கரையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்கலாம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் ஆண்டுதோறும் சிப்பி விளைவதில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடக்கும்; பிறகு கால் நூற்றாண்டுகூடப் பார் வெறுமையாகக் கிடக்கும். 1920களின் இறுதியில் நடந்த குளிப்புக்குப் பிறகு அடுத்தது 1955இல்தான் வந்தது. 1961வரை நீடித்தது, இந்தியப் பக்கத்தில் அதுவே கடைசி. இடையில் வந்த வெறும் ஆண்டுகளில் குளியாளிகளின் வீட்டில் உலை வைத்தது சங்கு. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும். கடலடியில் அப்படி இல்லை. சிப்பி பாறைப்பாங்கான பாரில் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். இருக்கிற மூச்சுக்குள் முடிந்த அளவு பறித்துச் சேர்க்க வேண்டும். சங்கு மணலில் பாதி புதைந்து தனித்தனியாக நகரும். மணலில் அது விட்டுப்போன தடத்தைப் பார்த்துத் தேட வேண்டும். மூச்சடக்கும் பழக்கம் சிப்பியிலிருந்து சங்குக்குக் கூட வந்தது. நீரோட்டத்தைக் கணிக்கும் அறிவும், தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவர்மேல் உயிரை ஒப்படைக்கும் நம்பிக்கையும் கூட வந்தன. தேடும் கண் மட்டும் வேறாக வேண்டியிருந்தது. ஒரு நேர்காணல் பதிலில் இந்த அளவு நுணுக்கம் இருந்துவிட்டால் போதும்.

கற்ற எல்லாமே கூட வந்துவிடும் என்று சொல்வதும் தவறு. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியின் உடலைக் கீறி, ஒரு சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலை அது. 1981இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் முறையும் கைகூடியது. முத்து என்ற பொருள் மாறவில்லை. அதை உண்டாக்கும் கை மாறிவிட்டது. ஆழ்கடலில் மூச்சடக்கும் நெஞ்சுக்கு அங்கே தேவை குறைந்துபோய், மேசையில் நடுங்காத விரல்களுக்குத் தேவை வந்தது. சில மாற்றங்கள் கைவந்த தொழிலின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கிவிடும். அதை ஒளிக்காமல் சொல்கிறவரைத்தான் கேட்பவர் நம்புவார்.

துறைமுகத்தின் கதை இன்னும் அருகிலானது. பழைய துறைமுகத்தில் கடல் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கும். 1974 ஜூலை 11இல் புதிய துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டதும் கப்பலே தளத்தை ஒட்டி வந்து நின்றது. 1999இல் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. மூட்டை எண்ணிக்கொண்டிருந்த டாலி கிளார்க்கின் வேலையைப் பாருங்கள். இப்போது எண்ண மூட்டை இல்லை. பெட்டியின் மேல் 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட ஓர் அடையாளம். அதில் கடைசி இலக்கம் மற்றவை சரியாக எழுதப்பட்டனவா என்று சோதிப்பதற்கானது. கூடவே சீல் எண், பெட்டியில் நசுங்கலோ ஓட்டையோ உண்டா என்ற குறிப்பு. எண்ணுகிற வேலை போயிற்று. தாளில் இருப்பதும் கண்முன் இருப்பதும் ஒன்றுதானா என்று சந்தேகப்படும் பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கம்தான் அவருடைய தொழிலின் உயிர். தன் வேலையில் இப்படிப் போகாமல் நின்றது எது என்று கண்டுபிடிப்பவருக்குப் பதிலில் பாதி கிடைத்துவிடும்.

கேள்வியைக் கேட்பவர்கள் ஏன் “என்ன செய்வீர்கள்” என்று கேட்காமல் “என்ன செய்தீர்கள்” என்று கேட்கிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சி மரபு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளானகன் 1954இல், ஒரு வேலையைப் புரிந்துகொள்ள அதில் நடந்த முக்கியமான சம்பவங்களைத் திரட்ட வேண்டும் என்று முறைப்படுத்தினார். 1980களில் டாம் ஜான்ஸ் போன்றவர்கள் அதை நேர்காணலுக்குக் கொண்டுவந்தார்கள்: ஒருவர் இனி எப்படி நடப்பார் என்பதற்கு, அவர் ஏற்கெனவே எப்படி நடந்தார் என்பதே நல்ல அறிகுறி. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசிப்பார்க்கும் நேர்காணலைவிடச் சரியாகக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் தொகுத்துக் காட்டினார்கள். 2022இல் பால் சாக்கெட் குழுவினர் பழைய கணக்குகளைத் திருத்தியபோது எண்கள் இறங்கின. ஆனாலும் பணியாளர் தேர்வு முறைகளில் இந்த வகை நேர்காணலுக்கே முதலிடம் கிடைத்தது. ஆகவே எதிரே இருப்பவர் தேடுவது சம்பவம். கையில் மதிப்பெண் தாளோடு இருக்கிறார். “எனக்கு மாற்றம் பிடிக்கும்” என்ற வாக்கியத்துக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்த்த சான்று இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற உலகளாவிய விதி நடைமுறைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி. இரண்டையும் கடந்து வந்தவர் முதலாவதைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: “பெட்டி உள்ளே போவதற்கு முன்பே எடைச் சான்று வேண்டும் என்று ஆனது. சரக்கின் எடையை பேக்கிங் லிஸ்டிலிருந்து எழுதிக்கொள்ளும் பழைய வழக்கத்தை விட வேண்டியிருந்தது. எடைமேடை சீட்டு வராமல் ஃபைல் நகராதபடி நேர அட்டவணையை மாற்றினேன். முதல் வாரத்தில் ஒரு பெட்டி அன்றைய கப்பலைத் தவறவிட்டது. அதன்பிறகு லாரிக்காரரிடம் முந்தின நாளே எடைமேடை நேரத்தைச் சொல்லிவிடும் பழக்கம் வந்தது.” இதில் பெருமைப் பேச்சு கிடையாது. விட்டது, கற்றது, தவறியது, திருத்தியது எல்லாம் இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். தமிழில் சொன்னாலும் தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னாலும் இதன் எடை குறையாது.

தடுமாற்றத்தைச் சொன்னால் வேலை கிடைக்காதே என்று சிலர் அஞ்சுவார்கள். அச்சம் நியாயமானது. திருத்தப்படாத தடுமாற்றத்தைச் சொன்னால் கிடைக்காதுதான். ஆனால் தடுமாற்றமே இல்லாத கதை, மாற்றம் நடக்கவே இல்லை என்று காட்டிவிடும். எலைன் புலாகோஸ் குழுவினர் 2000இல், 21 வகை வேலைகளில் நடந்த ஆயிரக்கணக்கான சம்பவங்களை ஆராய்ந்து, மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை எட்டு வகையாகப் பிரித்தார்கள். நெருக்கடியைக் கையாள்வது, பதற்றத்தைத் தாங்குவது, நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுப்பது, புதிய கருவியைக் கற்பது, பழகாத மனிதர்களோடு ஒத்துப்போவது ஆகியவை அவற்றில் சில. எட்டிலும் ஒருவரே தேர்ந்தவராக இருக்கத் தேவையில்லை. தனக்கு எது வரும் என்று தெரிந்து பேசுவது எட்டும் வரும் என்று சொல்வதைவிட நம்பத்தக்கது.

வேலைக்கே போகாதவருக்கு ஏது சம்பவம் என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், மாவட்டமே வெள்ளத்தில் நின்றதையும் இந்த ஊர் மறக்கவில்லை. அப்போது மருந்துக் கடையில் பகுதிநேரம் நின்ற மாணவி, மின்சாரம் இல்லாமல் கையால் பில் எழுதி, கரண்ட் வந்தபின் அவற்றை ஏற்றி இருப்போடு சரிபார்த்திருந்தால், அது முழுமையான பதில். உப்பளத்தில் பெற்றோரோடு வேலை பார்த்தவருக்கு, பருவம் தவறிய மழையில் வாரிய உப்பைக் காப்பாற்றிய நாள் இருக்கும். இதெல்லாம் “வேலை அனுபவம்” ஆகாது என்று நம் பிள்ளைகள் ஒதுக்கிவிடுகிறார்கள். கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் முதலில் மாற்ற வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். 2024 செப்டம்பரில் திறந்த புதிய சர்வதேச கன்டெய்னர் முனையத்தில் பணியாளர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று திறப்பு விழாவில் அறிவிக்கப்பட்டது. கிரேன் இயக்கிய அனுபவம் வீட்டில் யாருக்கும் இல்லாத பெண்கள் நாளை அந்த இருக்கைக்கு விண்ணப்பிக்கும்போது, தங்கள் வாழ்க்கையிலிருந்து எதைச் சொல்வது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மாற்றத்தை முடிவுசெய்வது நிறுவனம். அதைச் சுமப்பது தொழிலாளி. நேர்காணலில் பரீட்சை எழுதுவது மட்டும் ஏன் தொழிலாளி? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கப் போவதில்லை. அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 1960இல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இயந்திரங்களை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் சும்மா அல்ல. பதிவுபெற்ற தொழிலாளிக்கு வேலைநீக்கம் இல்லை, முன்கூட்டியே ஓய்வுபெறுவோருக்குப் பணம், லாபத்திலிருந்து ஒரு நிதி என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் பாதுகாப்பு எல்லோரையும் எட்டவில்லை. முழுப் பதிவு இல்லாத கூலிகள் வெளியே நின்றார்கள். இருந்தாலும் ஒன்றை அது நிலைநாட்டியது: மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது இரு தரப்பும் செய்துகொள்ளும் ஏற்பாடு, ஒரு தரப்பின் நல்லொழுக்கமாக மட்டும் அதைப் பார்க்கக்கூடாது. தனியாக நேர்காணலுக்குப் போகும் இளைஞரால் நிதி கேட்க முடியாது. ஆனால் தன் பதிலில் “எனக்கு இரண்டு வாரப் பயிற்சியும் பக்கத்தில் ஒரு மூத்தவரும் கிடைத்தார்கள், அதனால் முடிந்தது” என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்லும்போது, பயிற்சி இல்லாமல் எதுவும் நடக்காது என்ற உண்மையும் அந்த அறையில் பதிவாகிவிடும்.

நேர்காணலின் கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். “இங்கே கடைசியாக ஒரு புதிய இயந்திரமோ மென்பொருளோ வந்தபோது, பழைய ஆட்களுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள்.