மிளகு அடைக்கும் மோட்டார்

ஆன்டிபயாடிக் மாத்திரையோடு மிளகு ரசமும் குடித்தால் மருந்து கூடுதலாக வேலை செய்யுமா என்று கேட்கிறார் சேலையூர் வாசகர் ஒருவர். ‘சூப்பர்பக்கை வீழ்த்தும் மூலிகை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளின் விளைவு. கேள்வியில் விஷயம் இருக்கிறது, செய்தியில்தான் இல்லை. 2006இல் ஜம்முவின் சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தினர், மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினைச் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஸ்டெஃபிலோகாக்கஸ் மீது சோதித்தார்கள். வழக்கத்தைவிடக் குறைந்த மருந்திலேயே பாக்டீரியா அடங்கியது. மருந்து வெளியேறாமல் உள்ளேயே தங்கும்படி செய்தது பைப்பரின்.

சென்னைப் புறநகரான முடிச்சூரில் வெள்ளம் புகுந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம்தான் மருந்து, வீட்டுக்காரர் பாக்டீரியா. அவரிடம் மோட்டார் இருக்கிறது. செல்லின் சவ்வில் பதிந்த நோர்-ஏ என்ற புரதம், உள்ளே வரும் சிப்ரோஃப்ளாக்சசினை விடாமல் வெளியே இறைக்கிறது. கரண்டும் சொந்தத் தயாரிப்பு: சவ்வுக்கு வெளியே குவித்த புரோட்டான்கள் உள்ளே பாயும் விசையில்தான் மோட்டார் ஓடுகிறது. அதன் வாயில் சிக்கிய கோணித் துணி, பைப்பரின். தண்ணீர் ஏறுகிறது. ஆனால் புறநகரில் இன்னொரு வழியும் உண்டே, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடுகிறார்கள். பாக்டீரியாவும் அதைச் செய்யும். மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். தூக்கிய வீட்டில் மோட்டாரை அடைத்து என்ன பயன்? மோட்டாரை அடைக்கும் தந்திரம் செடிகளுக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் அழகு. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கிருமிகளுக்கு எதிரானது. நோர்-ஏ அதையும் இறைத்துவிடும். பெர்பெரினைத் தயாரிக்கும் பெர்பெரிஸ் செடிகள், தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யாத, ஆனால் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் கூடவே தயாரிக்கின்றன என்று 2000இல் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழு காட்டியது.

வாசகருக்கு வரலாறும் கொஞ்சம் வேண்டுமாம். 1928இல் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியமும், 2005இல் வந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தாம்பரத்தில் அக்கம்பக்கம். மிளகு சேர்ந்த சித்த மருந்தான திரிகடுகமும் காசநோய் மருந்தும் கைகோத்தது என்னவோ ஜம்முவில். அந்த ஆய்வகத்தோடு சேர்ந்து காடிலா நிறுவனம் 2009இல் கொண்டுவந்த ரிசோரின் என்ற காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200தான். கூடவே ஐசோனியசிட் 300, பைப்பரின் 10. மருந்து எதிர்ப்பை மிளகு வென்றுவிட்டதே எனலாம். இல்லை. இங்கே பைப்பரின் முக்கியமாக நம் உடலில் மருந்து சேர்வதைக் கூட்டுகிறது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை ஆர்பிஓபி மரபணு மாறியவை, அதாவது வீட்டைத் தூக்கியவை.

ரசத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் பலன் தரும் செறிவு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ உடம்பு முழுக்கப் பரவ இரண்டரை கிராம் பைப்பரின் வேண்டும். மிளகில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால் 50 கிராம் மிளகு, அதுவும் ஈரல் எதையும் சிதைக்காமல் விட்டால். சத்தைப் பிரித்து மாத்திரையாக்கலாமே என்றால், அதே பைப்பரின் ஈரலின் நொதிகளை மந்தப்படுத்துகிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்றவை ரத்தத்தில் ஏறிவிடும். சர்ப்பகந்தியின் ரெசர்பினும் நோர்-ஏவை அடைக்கும், ஆனால் அதற்குத் தேவையான அளவில் நரம்புகளைப் பாதிக்கும். பாக்டீரியாவின் பம்பை அடைப்பதற்கென்றே ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தர எந்த மருந்தும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை.