ஏமாத்தினவர் வெளிமாநிலம்: கேஸ் சேலத்துலயே போடலாமா?

நாமக்கல்லில் இருக்கற நீங்க, டெல்லியில் இருக்கற ஒரு கம்பெனிக்கு ஆன்லைனில் 60,000 ரூபாய் கட்டிட்டீங்கனு வெச்சுக்குவோம். பொருள் வரலை, போனும் எடுக்கலை. "டெல்லி வரைக்கும் யாருங்க அலையறது"னு நிறைய பேர் அந்தப் பணத்தை அப்படியே விட்டுடறாங்க. விட வேண்டாம். நீங்க எந்த வகையில் மாட்டினீங்கங்கறதைப் பொறுத்துத்தான் இதுக்கு பதில்.

1. மோசடியா?

உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. போன், மெசேஜ் வழியா ஏமாத்தினா, அந்த மெசேஜ் வந்து சேர்ந்த ஊர் கோர்ட்டும் விசாரிக்கலாம். பிஎன்எஸ்எஸ் சட்டம் 202-வது பிரிவு இதைச் சொல்லுது. "எங்க லிமிட் இல்லை"னு ஸ்டேஷனில் திருப்பி அனுப்பவும் கூடாது. 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்.

2. சொந்த உபயோகத்துக்கு வாங்கினதா?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவுப்படி, நீங்க குடியிருக்கற ஊரிலேயே வழக்கு போடலாம். சேலம், நாமக்கல் ரெண்டு இடத்திலும் மாவட்ட ஆணையம் இருக்கு. பொருளுக்கு நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட்டுடணும்.

3. வியாபாரத்துக்கு வாங்கினதா?

இங்கதான் சிக்கல். பிழைப்புக்காக நீங்களே நடத்தற சுயதொழில் தவிர, மத்த வியாபாரக் கொள்முதலுக்கு நுகர்வோர் ஆணையம் கிடையாது. சிவில் கோர்ட்தான். அங்க முதலில் பார்க்கறது, பில்லிலோ வெப்சைட் கண்டிஷனிலோ பொடி எழுத்தில் இருக்கற "சப்ஜெக்ட் டு ஜூரிஸ்டிக்‌ஷன்" வரியைத்தான்.

இதுக்கு நம்ம சேலம் கேஸே இருக்கு. மெட்டாலிக் நூல் சப்ளை தகராறில், சேலம் ஏ.பி. ஏஜென்சீஸ் குஜராத்தின் ஏ.பி.சி. லேமினார்ட் மேல சேலம் கோர்ட்டில் வழக்கு போட்டாங்க. ஒப்பந்தத்தில் "கைரா ஜூரிஸ்டிக்‌ஷன்"னு எழுதியிருந்துச்சு. 1989-ல் சுப்ரீம் கோர்ட், "மட்டும்"ங்கற மாதிரி வார்த்தை அதில் இல்லை, அதனால் சேலத்திலும் நடத்தலாம்னு தீர்ப்பு சொன்னாங்க.

இந்தக் கதையை மட்டும் நம்பி இறங்கிடாதீங்க. 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், "மட்டும்"னு எழுதாட்டியும் ஒரு ஊர் பேரைச் சொன்னா மத்த ஊரை விலக்கினதாவே எடுத்துக்கலாம்னு அதே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

அப்படி ஒப்பந்தமே இல்லாம, ஒருத்தர் உங்க கடைப் பேரை வெப்சைட்டில் போட்டு வியாபாரம் பண்றார்னா? 2009-ல் பன்யன் ட்ரீ வழக்கில் டெல்லி ஹைகோர்ட் சொன்னது: வெப்சைட் உங்க ஊரில் தெரியுதுங்கறது மட்டும் போதாது. உங்க ஊர் ஆட்களைக் குறிவெச்சு வியாபாரம் பண்ணினதைக் காட்டணும்.

அதனால ஸ்கிரீன்ஷாட், பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கங்க. அடுத்த தடவை வெளிமாநிலத்துக்கு அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி அந்த பொடி எழுத்தைப் படிங்க. "டெல்லி"னு இருந்தா, அதை மாத்தச் சொல்லிக் கேளுங்க, இல்லைனா அட்வான்ஸைக் குறைங்க. தொகை பெருசுன்னா ஒரு வக்கீலைப் பார்த்துட்டு இறங்குங்க.