நாக்குக்கு அடியில் தெரியும் ரத்தம்

முடக்குவாதம் வந்தவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, 'கை எப்படி இருக்கு?' என்றுதான். விரல் கணுக்கள் வீங்கியிருக்கும். காலையில் எழுந்தால் வெகு நேரத்துக்கு பல் துலக்கும் பிரஷைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் பேச்சு முழுக்க மூட்டிலேயே நின்றுவிடுகிறது. இதயத்தைப் பற்றி நோயாளியும் கேட்பதில்லை, பல சமயம் மருத்துவரும் சொல்வதில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். வழக்கமான கணக்கில் வரும் அபாயத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது.

காரணம் ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கிறது. ஒற்றை அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் அது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைத்திருப்பது அதன் வேலை. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998ல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் ஓயாத அழற்சி இருந்தால் இந்தப் படலத்தின் குணம் மாறுகிறது. விகேம்-1 போன்ற ஒட்டு மூலக்கூறுகள் அதன் மேல் முளைக்கின்றன. ரத்தத்தில் போகும் வெள்ளையணுக்கள், வேட்டியில் நாயுருவி பற்றுவதுபோல அங்கே பற்றிக்கொண்டு, சுவரைத் துளைத்து மூட்டுக்குள் இறங்குகின்றன. பெரிய தமனிகளில் கொழுப்புப் படிவு தொடங்குவதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

ஜப்பானின் மூலிகை மருத்துவமான காம்போவுக்கு இந்த மூலக்கூறுகள் எதுவும் தெரியாது. ஆனால் ரத்தம் தேங்கி ஓட்டம் கெடுவதை அது தனி நோய்நிலையாகவே வைத்திருக்கிறது. அதன் பெயர் ஓகெட்சு. அதைக் கண்டுபிடிக்கும் முறையை நிதானமாகப் பார்க்க வேண்டும். நோயாளி கால்களை நீட்டி மல்லாந்து படுப்பார். நம் ஊர் டாக்டர் வயிற்றைப் பார்க்க முழங்காலை மடக்கச் சொல்வார். காம்போ மருத்துவர் நீட்டியே வைக்கச் சொல்வார். தொப்புளுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே, விரல்நுனிகளை மெதுவாக அழுத்துவார். அங்கே சுளீரென்று வலித்தால் அது ஒரு அடையாளம். பிறகு நாக்கை மடித்து அடியில் ஓடும் நாளங்கள் புடைத்து நீலம் பாரித்திருக்கின்றனவா என்று பார்ப்பார். உதடு, ஈறு, கண்ணுக்குக் கீழே படிந்த கருமை, எல்லாமே கணக்கில் வரும். வயிற்றைத் தொட்டு நோயறியும் இந்தக் கலையை எடோ காலத்தில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் யோஷிமாசு தோதோ (1702–1773).

கைப்பழக்கமாக இருந்ததை எண்ணாக மாற்றியவர் தொயாமா நகரில் பணியாற்றிய மருத்துவப் பேராசிரியர் கட்சுடோஷி தெராசாவா. 1980களில் அவர் வகுத்த அட்டவணையில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது சில இடங்களில் மாறும். கூட்டினால் 20க்கு மேல் ஓகெட்சு, 40ஐத் தொட்டால் கடுமை. இந்தக் கதையில் வரும் மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். பழையதைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்காமல், அளந்து பார்க்க வழி செய்தார்.

தேங்கிய ரத்தத்துக்கு அங்கே கொடுக்கும் முதன்மையான மருந்து கெய்ஷிபுகுர்யோகான். சீனாவில் ஹான் வம்சத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜாங்ஜிங்கின் நூலில் உள்ள யோகம் இது. ஐந்தே சரக்கு: நம் பிரியாணியில் போடும் தடித்த பட்டையின் இனம், பைன் மர வேரில் வளரும் ஒரு பூஞ்சை, பியோனி வேர், மரப்பியோனியின் வேர்ப்பட்டை, பீச் பழக்கொட்டையின் பருப்பு. முன்பு பொடித்துத் தேன்விட்டு உருண்டையாகப் பிடித்தார்கள். இப்போது குறுணையாகச் சின்னப் பாக்கெட்டிலும் வருகிறது, காப்பீட்டிலும் கிடைக்கிறது.

இதைத் தொயாமா ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். 16 பேர், தினம் 12 கிராம், 12 வாரம். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்துகளை யாரும் நிறுத்தவில்லை. 14 பேர் கடைசிவரை வந்தார்கள். தொட்டால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. ரத்தத்தில் விகேம்-1 குறைந்தது. ஆக்சிஜனால் சிதைந்த கொழுப்பின் அளவும் குறைந்தது. அழற்சியின் பொது அளவுகோலான சிஆர்பி அசையவில்லை. மூட்டை அரிக்கும் சைட்டோகைன் என்ற அழற்சிப் புரதங்களும் அப்படியே இருந்தன.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மருந்து ஏதாவது செய்திருந்தால், அழற்சியின் ஊற்றை அடைக்காமல் ரத்தக்குழாயின் சுவரில்தான் செய்திருக்கிறது. பழைய மருத்துவர்கள் இது ரத்தஓட்ட மருந்து என்று சொன்ன இடத்திலேயே ஆய்வகத்தின் முள்ளும் நகர்ந்திருக்கிறது. ஆனால் 14 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து சாப்பிட்ட அணியும் கிடையாது. மாரடைப்பு குறைந்ததா என்பதை 12 வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. இதை நம்பி, முடக்குவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைக் கைவிட்டால் மூட்டு அரிப்பு நிற்காமல் தொடரும், போன எலும்பு திரும்பி வராது.

வாசகர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு பட்டையையும் பீச் கொட்டையையும் தேடிப் போகக்கூடும் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பீச் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது. அளவு மீறினால் உடம்புக்குள் சயனைடாக மாறும். கர்ப்பிணிகளுக்கு இந்த யோகத்தைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். சிலருக்குக் கல்லீரல் அளவுகள் ஏறுவதும் உண்டு. ஜப்பானிலேயே இதை எழுதிக்கொடுப்பவர் நவீன மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அதே கைதான் அங்கே ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எழுதுகிறது.