ஒரு சோறு பதம்: கணிப்பொறிக்கும் பொருந்துமா?

சோறு வெந்ததா என்று அறிய நம் அன்னையர் பானை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். மென்பொருளை உருவாக்குவோரும் இதே முறையைக் கையாளுகிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நாங்கள் பட்ட ஓர் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

பழைய மாணவியர் சந்திப்புக்கு அழைப்பிதழ் அனுப்பும் பணி எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பழைய வருகைப் பதிவேடுகளில் உள்ள பெயர்களை முகவரிப் பட்டியலில் தேடி எடுக்க ஒரு சிறு நிரலை எழுதினோம். பதிவேட்டில் சில இடங்களில் மை மங்கியிருந்தது. 'கமலா' என்ற பெயரில் நடு எழுத்து தெரியாவிட்டால் 'க.லா' என்று பதிந்தோம். அந்தப் புள்ளிக்கு "இங்கே ஏதோ ஓர் எழுத்து" என்று பொருள்.

இவ்வாறு ஒரு சொல்லின் வடிவத்தைக் குறிகளால் எழுதித் தேடுவதற்கு 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். சுருக்கமாக 'ரெஜெக்ஸ்' என்பர். இதன் கணிதத்தை அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1956-இல் வெளியிட்டார். கணிப்பொறியில் இதைக் கொண்டு விரைவாகத் தேடும் வழியைக் கென் தாம்சன் 1968-இல் எழுதிக் காட்டினார்.

ஆனால் எல்லாக் கணிப்பொறிகளும் இத்திறனை ஒரே விதமாக வைத்திருக்கவில்லை. பிஎஸ்டி யூனிக்ஸில் இதற்குரிய கட்டளை 'ரீ-காம்ப்' எனப்பட்டது. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் 'ரெக்-சிஎம்பி' எனப்பட்டது. 1992-இல் வந்த போசிக்ஸ் தரம் 'ரெக்-காம்ப்' என்பதைப் பொதுவாக்கியது. எனினும் விண்டோஸின் சி நூலகத்தில் அது இன்றும் இல்லை. ஆகவே ஒரு நிரலைப் புதிய கணிப்பொறியில் கம்பைல் செய்யும் முன், "உன்னிடம் ரெஜெக்ஸ் உண்டா?" என்று கேட்டாக வேண்டும்.

இக்கேள்வியைக் கேட்பது 'கன்ஃபிகர்' என்னும் கட்டளைக் கோப்பு. அதைத் தானே எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவியை டேவிட் மெக்கென்சி 1991-இல் தொடங்கினார். கன்ஃபிகர் கேட்கும் முறை அழகானது. "நீ எந்த நிறுவனத்தின் இயந்திரம்?" என்று அது ஊர் பேர் விசாரித்து முடிவு கட்டுவதில்லை. நாலைந்து வரியில் ஒரு குட்டி நிரலை எழுதி, அது கம்பைல் ஆகிறதா என்று பார்க்கிறது. ஆனால் 'உண்டு', ஆகாவிட்டால் 'இல்லை' என்று திரையில் அச்சிடுகிறது. அதுதான் கணிப்பொறியின் ஒரு சோறு!

இச்சோதனையில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, 'ரெஜெக்ஸ்.எச்' என்ற தலைப்புக் கோப்பு இருக்கிறதா என்பது. இரண்டாவது, 'ரெக்-காம்ப்' கட்டளை நூலகத்தில் கிடைக்கிறதா என்பது. மூன்றாவது, அது சரியாக வேலை செய்கிறதா என்பது. முதல் இரண்டும் பெயரைக் கேட்பவை. மூன்றாவதுதான் வேலையைக் கேட்பது.

பெரிய மென்பொருள்கள் மூன்றாம் படியை விடுவதில்லை. குனு திட்டத்தின் நிரல்களில் உள்ள சோதனை, முன்னாளில் பிழை கண்ட வடிவங்களையே வரிசையாகக் கொடுத்துப் பார்க்கிறது. சில நூலகங்கள் விடை சொல்லாமல் முடிவின்றிச் சுழன்றதால், 2 விநாடியில் நிறுத்திவிடும் ஏற்பாடும் அதில் உண்டு. 2005-இல் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் மென்பொருளுக்கு ஒரு சிறப்புத் தேவை இருக்கிறது. "இந்த இடத்தில் தொடங்கி அந்த இடத்தோடு தேடலை முடி" என்று ரெஜெக்ஸிடம் சொல்ல முடியவேண்டும். மஸ்ல் என்ற சி நூலகத்தில் இவ்வசதி இல்லை. அங்கே கிட் தன்னோடு கொண்டுவந்த ரெஜெக்ஸையே பயன்படுத்திக் கொள்ளும். கட்டுச்சோறு கொண்டு போகும் பயணியைப் போல!

இனி எங்கள் கதைக்கு வருவோம். ஆசிரியையின் கணிப்பொறியில் எங்கள் நிரல் சரியாக ஓடியது. ஆய்வகக் கணிப்பொறியில் கன்ஃபிகர் செய்தோம். எல்லாவற்றிற்கும் 'உண்டு' என்றே வந்தது. மகிழ்ந்து பட்டியலை அச்சிட்டு அழைப்பிதழ்களை அனுப்பிவிட்டோம்.

சந்திப்பு நாளன்று ஒரு மூதாட்டி, தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நானும் இங்கே படித்தவள்தான் அம்மா. என் பெயர் உங்கள் ஏட்டில் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய பெயர் ஏட்டில் இருந்தது. ஓர் எழுத்து மட்டும் மங்கியிருந்தது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

மறுநாள் காரணத்தைத் தேடினோம். யூடிஎஃப்-8 முறையில் 'ம' என்ற ஓரெழுத்து 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. எந்த எழுத்து முறைப்படி படிப்பது என்பதை 'லோக்கேல்' என்ற அமைப்பு முடிவு செய்கிறது. ஆய்வகக் கணிப்பொறியில் தேவையான லோக்கேல் நிறுவப்படவில்லை. ஆகவே அங்கே புள்ளி என்றால் ஒரு பைட்டு மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு 'ம'-வை வைத்துக்கொண்டு 'கமலா'வை எப்படிக் கண்டுபிடிக்கும்? ரெஜெக்ஸ் இருந்தது உண்மை. தமிழுக்கு அது பயன்படுமா என்று நாங்கள்தாம் கேட்கவில்லை.

லோக்கேலை நிறுவிய பின்னும் ஒரு பாடம் எஞ்சியிருந்தது. 'மேரி' நமக்கு 2 எழுத்து. கணிப்பொறிக்கோ ம, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என 4. எனவே மங்கிய எழுத்துக்கு ஒரு புள்ளி போதாது. அதன்பின் ஒரு குறி வந்தாலும் வரலாம் என்று வடிவத்தைத் திருத்தினோம்.

இப்போது எங்கள் கன்ஃபிகரில் புதிய சோதனை ஒன்று இருக்கிறது. தேவையான லோக்கேலைப் பெயர் சொல்லிக் கேட்டு, 'க.லா' என்ற வடிவம் 'கமலா'வைக் கண்டுபிடிக்கிறதா என்று அது பார்க்கும். தவறினால் காரணத்தைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். கம்பைல் செய்யும் கணிப்பொறி ஒன்று, நிரல் ஓடும் கணிப்பொறி வேறு என்றால் இச்சோதனை போதாது. ஆதலால் நிரல் தொடங்கும்போதும் ஒருமுறை அதையே கேட்கச் செய்துள்ளோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. ஆனால் நாம் உண்ணப்போகும் பானையிலிருந்தல்லவா அந்தச் சோற்றை எடுக்க வேண்டும்? அந்தப் பாட்டியாரின் பெயர் இப்போது எங்கள் பட்டியலில் இருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு முதல் அழைப்பிதழ் அவருக்கே செல்லும்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு